ஒசாகாவில் நாங்கள் சாப்பிட்டது

ஜூன் 15, ஞாயிறு

இன்று ராத்திரியும் ஜப்பான் கடை. அவிநாசி ரோட்டில் புதிதாகத் திறந்திருப்பது. மே மாதம் ஒசாகா போய் வந்ததிலிருந்து அப்பாவுக்கு நம் ஊர் ஹோட்டல் எதுவும் இறங்குவதில்லையாம். எங்கள் பனியன் கம்பெனி மேனேஜர் சுரேந்தர் அண்ணனையும் அவர் வீட்டு அக்காவையும் கூட்டி வந்திருந்தார். பார்க்க ஆள் வேண்டுமே.

முதலில் கை துடைக்க ஆவி பறக்கும் சின்னத் துண்டு கொடுத்தார்கள். அப்பா துடைக்கவில்லை. இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்து, "முன்னூறு ஜி.எஸ்.எம். வரும்" என்று துணியின் கனத்தைச் சொன்னார். "டூ எய்ட்டிங்க, அதுக்கு மேல இருக்காதுங்க" என்றார் சுரேந்தர் அண்ணன். துண்டு ஆறிப்போகும் வரை அதே பேச்சு.

பிறகு குச்சி. பேனா பிடிக்கிற மாதிரிப் பிடி என்று அம்மாவுக்கு எல்லோர் முன்னாலும் பாடம். நூடுல்ஸ் சேலையில் விழுந்தது. "ஜப்பானுக்கே கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன், இவளுக்கு இன்னும் களியும் கீரையுந்தான்" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. சித்த நேரம் கழித்து அப்பா தட்டில் இருந்த பச்சை உருண்டையை, வசாபி என்கிற காட்டமான விழுது அது, கொத்தமல்லித் துவையல் என்று நினைத்து முழுதாக வாயில் போட்டுவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது. "ஏசி காத்து கண்ணுல அடிக்குது" என்றார். அதற்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

எழுத உட்கார்ந்தது அதற்கு இல்லை. கடைக்காரப் பையன் என்ன கறி வேண்டும் என்று கேட்டான். அப்பா, "சிக்கன் மட்டும். வேற எதும் நாங்க தொடறதில்ல" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

ஜூன் 16

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன். பயம். யாராவது படித்தால்? கெமிஸ்ட்ரி ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தை யார் படிக்கப் போகிறார்கள்.

ஒசாகாவில் துணிக் கண்காட்சி. அப்பாவிடம் துணி வாங்கும் பையர் கம்பெனியில் ஓகாவா என்று ஒருவர், ரொம்ப மரியாதை, குனிந்து குனிந்து பேசுவார். அவர் எங்கள் நாலு பேரையும் ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப் போனார். மேஜை நடுவில் தணல். மெலிசாக அரிந்த கறியை நாமே வாட்டிச் சாப்பிட வேண்டும். சுவரில் பெரிதாக ஒரு மாட்டுப் படம், தோட்டத்தைப் பங்கு பிரித்த மாதிரி உடம்பெல்லாம் கோடு போட்டு, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பெயர். மெனு அட்டையில் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. ஒளிவு மறைவே இல்லை.

அப்பா அம்மாவைச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார்.

"ஏனுங்க, இது என்ன கறிங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஆடுதான். இந்த ஊரு ஆடு இப்படித்தான் மெதுவா இருக்கும். தின்னு."

நான் படத்தைப் பார்த்தேன். பிறகு அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். வாயைத் திறக்கவில்லை. இல்லை, திறந்தேன், தின்ன. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் மோசம். என் சொந்த அண்ணன் ரித்தீஷ் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்துச் சிரித்தான்.

அம்மா பிரதோஷம் தவறாமல் அவிநாசி கோயிலுக்குப் போகிறவள். மாட்டுப் பொங்கலன்று எங்கள் தோட்டத்துக் காங்கேயம் காளையின் காலில் விழுந்து கும்பிடுகிறவள். அவளிடம் போய் ஆடு என்று சொன்னார். அப்பாவுக்குத் தின்ன வேண்டுமென்றால் தின்னட்டும். அவளிடம் எதற்குப் பொய்?

ஜூன் 28

கணக்கு டெஸ்ட். குறைவு. அப்பா கேட்கவில்லை. நல்லது.

ஜூலை 7, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேள்விப்பட்டதை எழுதுகிறேன். 

எங்கள் வீடு கம்பெனிக் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கிறது. பின் சுவரை ஒட்டி வேலைக்காரர்களுக்கு லைன் வீடுகள். மூன்றாவது வீட்டில் மைதிலி. என் வகுப்புதான், ஒரே பஸ். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா காளியாத்தாள் அக்கா எங்கள் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் நிற்கிறார், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து.

இன்று மத்தியானம் சாப்பாட்டு ரூமில் எல்லோரும் குழம்பு மாற்றிக்கொள்வார்களே, அப்போது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் அக்காவின் டப்பாவில் கை நீட்டியிருக்கிறாள். அக்கா கையைப் பிடித்து நிறுத்தி, "இது மாட்டுக்கறி சாமி. உனக்கு ஆகும்னா எடு, ஆகாட்டி வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். சுரேந்தர் அண்ணன் காதில் விழுந்துவிட்டது.

அப்பா போனார். மேஜையை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார். கழுவியது யார்? காளியாத்தாள் அக்காதான். எல்லோரும் நின்று பார்க்க.

வீட்டுக்கு வந்து அப்பா சொல்கிறார், "சாமி படம் வெச்சிருக்கற எடத்துல கொண்டாந்து திங்கறாளே, என்ன தைரியம் இருக்கோணும்." அம்மா, "சிவ சிவா" என்றாள்.

என்ன கறி என்று முன்னாலேயே சொன்ன அக்கா மேஜை கழுவுகிறார். பொய் சொல்லித் தின்ன வைத்தவர் கழுவச் சொல்கிறார். இது எந்த ஊர் நியாயம்?

ஜூலை 8

தீர்ப்பு வந்துவிட்டது. ஆடி முதல் வெள்ளிக்கிழமை கம்பெனிப் பூஜையில், எல்லோர் முன்னாலும் அக்கா சாமி படத்துக்கு முன் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே கணக்கு முடித்துக்கொண்டு லைன் வீட்டையும் காலி பண்ண வேண்டும்.

சுரேந்தர் அண்ணன் எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே அக்கா மாதிரிப் பேசிக் காட்டினார். "'நான் திருடலீங்க, பொய் சொல்லலீங்க. எங்கூட்டுல ஞாயித்துக்கெழம எடுக்கறதத்தான் எடுத்தேன். அதுக்கு எதுக்குங்க உழுகோணும்?' இப்படிக் கேக்கறாளுங்க. வாயப் பாருங்க."

அப்பா, "ஆடியில ஊடு தேடட்டும், தெரியும்" என்றார்.

ஆடி மாதத்தில் யாரும் குடி மாற மாட்டார்கள், யாரும் புதிதாக வீடு விட மாட்டார்கள். அது தெரிந்துதான் அந்த நாளைக் குறித்திருக்கிறார்.

ஜூலை 10

மைதிலியிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாளாகப் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்காருகிறாள். இன்று நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒசாகா, மாட்டுப் படம், ஆடு என்று சொன்ன பொய், எல்லாம் சொன்னேன். சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். எவ்வளவு மடத்தனம்.

"எங்கம்மா மேஜை கழுவுன அன்னிக்கு இது உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இப்ப என்கிட்ட சொல்ற? நான் என்ன பண்ண?"

உங்க அம்மாவிடம் சொல் என்றேன்.

"சொன்னா அதுக்கு வாய் சும்மா இருக்காது. நேரா உங்கப்பாகிட்டப் போய்க் கேக்கும். அப்புறம் இந்தக் கம்பெனி இல்ல, எந்தக் கம்பெனியிலயும் சேத்த மாட்டாங்க. மொதலாளி மேல பழி போட்டவன்னு ஆயிரும். நீ சொன்னா வேற, நாங்க சொன்னா வேற."

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் இறங்கும்போது மட்டும், "அந்தக் கறி நல்லா இருந்துச்சா?" என்றாள்.



ஜூலை 12, சனி

ரித்தீஷ் அண்ணன் கோயமுத்தூர் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறான். மாடியில் வைத்துக் கேட்டேன்.

"லூசு மாதிரிப் பேசாத. அது நம்ம மாடு இல்லடி. ஜப்பான் மாடு. அதுக்குப் பாட்டெல்லாம் போட்டு வளத்துவாங்களாம்."

"மாடு மாடுதான?"

"அப்பாகிட்டப் போய்ச் சொல்லு பாக்கலாம். நாமக்கல்லுல கொண்டு போய் ஹாஸ்டல்ல அடைச்சிருவாரு. காலையில நாலு மணிக்கு எழுப்பி மனப்பாடம் பண்ண வெப்பாங்க. போறியா?"

போகமாட்டேன் என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். எனக்கு அப்பா அடிப்பார் என்று கூடப் பயமில்லை. அவர் அடிக்க மாட்டார். பேசாமல் இருப்பார். அவர் பேசாமல் இருந்தால் வீடே மூச்சு விடாது.

ஜூலை 14

இன்று அம்மாவிடம் சொன்னேன். அடுப்படியில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் மயங்கி விழுவாள், அழுவாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள் என்றெல்லாம் நினைத்துச் சொம்பில் தண்ணீர் கூட எடுத்து வைத்திருந்தேன்.

"தெரியும் கண்ணு" என்றாள்.

என்ன தெரியும்?

"அவரு ஆடுன்னு சொன்னதுக்கப்புறம் கை கழுவப் போனன்ல, அப்பவே செவுத்துல பாத்துட்டனே."

"அப்புறம் ஏம்மா வந்து சாப்ட்டீங்க?"

"அந்த ஜப்பான்காரரு பாத்துட்டே உக்காந்திருந்தாரு. துப்பவா முடியும்? உங்கப்பா மொகம் என்னாகறது?"

ஊர் திரும்பியதும் அவிநாசிக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டாளாம். அது அங்கேயே தீர்ந்து போய்விட்டதாம்.

"காளியாத்தாக்கா வெளக்குப் போட்டாத் தீராதாம்மா?"

அம்மா உரித்த காயையே எடுத்து மறுபடி உரித்தாள்.

அப்பா மேல் இருந்த கோபம் இப்போது இரண்டாகப் பிரிந்து, இரண்டும் முழுசாக இருக்கிறது. தெரிந்துகொண்டே "சிவ சிவா" சொன்னாளே! அந்த மஞ்சள் யார் வீட்டு மஞ்சள்? எங்கள் வீட்டு டப்பாவில் இருந்து அம்மா எடுத்துக் கொடுத்தது.

ஜூலை 16

நாளைக்கு ஆடி ஒன்று. காளியாத்தாள் அக்கா நேற்று வேலை முடிந்து அனுப்பர்பாளையம் வரை போய் வீடு கேட்டிருக்கிறார். ஆவணியில் வாங்க என்று எல்லோரும் சொல்லிவிட்டார்களாம். ஒரு வீட்டில் மட்டும் இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்டு, பிறகு இல்லை என்றார்களாம். மைதிலி இதை என்னிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் எங்கள் வகுப்புக் கவிப்பிரியாவிடம் சொல்லும்போது என் காதில் விழட்டும் என்று சத்தமாகச் சொன்னாள்.

ஜூலை 17

நாளைக்குப் பூஜை. வருஷா வருஷம் ஆடி முதல் வெள்ளியில் எங்கள் வீட்டுப் பெண்கள்தான் செய்ய வேண்டும். அம்மா மெஷின்களுக்குக் கற்பூரம் காட்டுவாள். நான் அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு மெஷின் லைனாகப் போவேன், எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சின்ன வயதில் எனக்கு இது ரொம்பப் பெருமை. பாவாடை கட்டிக்கொண்டு ராணி மாதிரிப் போவேன்.

தட்டு முடிந்ததும் அக்கா விழ வேண்டும். விழமாட்டேன் என்கிறாராம்.

"நான் வரலம்மா" என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள். "ஊட்டுக்குத் தூரம்னு சொல்லீட்டு இருந்துக்க. நான் சமாளிச்சுக்கறேன்."

ஆடு என்று ஒரு பொய். ஏசி காற்று என்று ஒன்று, தூரம் என்று ஒன்று. இந்த வீட்டில் எதற்கும் ஒரு பொய் தயாராக இருக்கிறது, ஃப்ரிட்ஜில் மாவு மாதிரி.

ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லிவிடலாம் போலத்தான் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் போதும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். மைதிலி தவிர.

ஜூலை 18, வெள்ளி

போனேன்.

மெஷின் எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். அந்த அமைதியே எனக்குப் பழக்கமில்லாதது. செக்கிங் டேபிள் பக்கம் காளியாத்தாள் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முன்னாலேயே ஒரு பையில் டப்பாவும் குடையும் எடுத்து வைத்திருந்தார், போவதற்கு.

அம்மா கற்பூரம் காட்டினாள். தட்டை என்னிடம் நீட்டினாள். என் கை மேலே வரவில்லை.

"வாங்கு கண்ணு, அணையுது பாரு" என்றார் அப்பா.

"நான் தொடக் கூடாதுங்கப்பா."

"ஏன்?"

"ஒசாகாவுல நானும் மாட்டுக்கறி சாப்பிட்டேனுங்கப்பா. அக்கா உழுகோணும்னா, நானும் மொதல்ல உழுகோணுங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. மெஷின் ஓடியிருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது. கேட்டுவிட்டது. நான் 'நானும்' என்று மட்டும்தான் சொன்னேன். ஆனால் பதினாறு வயதுப் பெண் தனியாகப் போய் ஒசாகாவில் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். தையல் மெஷின் வரிசையான பவர் டேபிளில் ஒரு பீகார்ப் பையன் பக்கத்தில் இருந்தவனிடம் "க்யா போலா?" என்று கேட்டான். அவன் காதில் சொன்னான். அவன் அடுத்தவனுக்குச் சொன்னான். லைன் கடைசி வரை போய் அங்கே யாரோ சிரித்தார்கள்.

"புள்ளைக்குக் காய்ச்சல்" என்றார் அப்பா.

அம்மா தட்டை அப்பா கையில் வைத்தாள். பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றாள். வேறொன்றும் செய்யவில்லை. அப்பாதான் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு லைனாகப் போனார். காளியாத்தாள் அக்காவிடமும் நீட்ட வேண்டியதாயிற்று. அக்கா தொட்டு ஒற்றிக்கொண்டார்.

சுரேந்தர் அண்ணன், "அடுத்து அது...ங்க?" என்று இழுத்தார்.

"பொரி குடுங்க. நேரமாச்சு" என்றார் அப்பா.

எனக்கு இப்போது நிஜமாகவே காய்ச்சல் வரும் போலிருக்கிறது.

ஜூலை 19

ஒருத்தரும் பேசவில்லை. தோசை மட்டும் வருகிறது.

ஜூலை 22

அப்பா ஹாலுக்குக் கூப்பிட்டார். டிவியை நிறுத்தினார். கத்தவில்லை.

"அந்த ஜப்பான் மனுசன் மொகத்துக்காகத் தின்னேன். ஆர்டருக்காக. அந்த ஆர்டர்லதான் உனக்குப் படிப்பு, அந்தக் காளியாத்தாளுக்கும் சோறு. அது தெரியுமா உனக்கு?"

தலையை ஆட்டினேன்.

"இன்னிக்கு மொதலாளிக அசோசியேசன்ல ஒருத்தன் கேக்கறான், ஜப்பான் சாப்பாடு எப்படீங்க இருந்துச்சுன்னு. எல்லாரும் சிரிக்கறானுக. இனி அவள வெளிய அனுப்புனா, அதையும் சேத்திப் பேசுவானுக. அனுப்பவும் முடியாது."

அப்படியானால் அக்காவும் மைதிலியும் இங்கேயே இருக்கிறார்கள். அவர் திட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

"நீ போ. ஆடி முடியட்டும். ஆவணி ஒண்ணாந்தேதி நாமக்கல். சீட்டுச் சொல்லியாச்சு."

ஆர்டருக்காகத் தின்றீர்கள், சரி. அம்மாவிடம் ஆடு என்று ஏன் சொன்னீர்கள் அப்பா? ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுத்திருக்கலாம், காளியாத்தாள் அக்கா மாதிரி. கேட்கவில்லை.  இங்கேதான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 2

கம்பெனிக்குள் யாரும் எந்தக் கறியும் கொண்டுவரக் கூடாது என்று சாப்பாட்டு ரூமில் நோட்டீஸ் ஒட்டினார்களாம். முதலில் மாட்டியது சுரேந்தர் அண்ணனின் அவித்த முட்டை. "முட்டை சைவமுங்க" என்று அவர் வாதாடிக்கொண்டிருந்தபோது நோட்டீஸை யாரோ கிழித்துவிட்டார்கள். அம்மா சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இன்னும் முடியவில்லை அவளோடு சிரிக்க.

ஆகஸ்ட் 15, வெள்ளி

எனக்காக ஜப்பான் கடை. ஹாஸ்டலில் இதெல்லாம் கிடைக்காது என்று அப்பா. ஹாலில் திட்டிய பிறகு என்னோடு அவர் நேராகப் பேசிய முதல் வாக்கியம்.

நாங்கள் நாலு பேர் மட்டும். யாரையும் கூட்டி வரவில்லை. அப்பா துண்டை நிமிண்டவில்லை, பேசாமல் கை துடைத்தார். கடைக்காரப் பையன் வந்ததும் வழக்கம் போல அவரே ஆரம்பித்தார். அப்போது அம்மா, "இருங்க" என்றாள்.

பையனிடம் திரும்பி, "தம்பி, ஒவ்வொண்ணா சொல்லுங்க. எதுல என்ன கறி, சூப்புல என்ன ஊத்தறீங்க, எல்லாம்" என்றாள்.

அவன் சொன்னான். சூப்பில் மீன் தண்ணீர் இருக்கிறது என்றான். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டாள். பக்கத்து மேஜையில் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா முகம் சிவந்து கண்ணாடித் தம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.  கடைசியில் அம்மா சோறும் வறுத்த காயும் கேட்டாள். குச்சியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டாள்.

மேஜை கழுவ மஞ்சள் எடுத்துக் கொடுத்ததை இது சரிக்கட்டாது. ஆனால் பார்த்தேன். அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 16, சனி

நாளைக் காலையில் கார். பயமாக இருக்கிறது. பெட்டி கட்டியாகிவிட்டது. மைதிலி சாயங்காலம் மாடிக்கு வந்தாள், என் படுக்கையைச் சுருட்டிக் கட்ட. பூஜைக்குப் பிறகு அவள் என் அறைக்கு வருவது இதுதான் முதல் தடவை. தேங்க்ஸ் எல்லாம் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, "எங்கம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லுச்சு" என்றாள்.

"என்ன?"

"ஹாஸ்டல்ல தட்டுல எதப் போட்டாலும், என்னன்னு கேட்டுட்டுத் தின்னச் சொல்லுச்சு."

சிரிப்பு வந்துவிட்டது. கேட்டால் வார்டன் அடிப்பாளோ என்னவோ என்றேன்.

"அடிச்சாலும் கேளு."

"அதும் உங்கம்மா சொன்னதா?"

"இல்ல" என்றாள் மைதிலி. "இது நான் சொல்றது."